காகிதப் பொம்மைகள் கரையேறிய ஆண்டு

நாகிசா ஊரில் பெண்பிள்ளைகள் பண்டிகைக்குச் சில நாள் இருக்கும்போது, வருஷா வருஷம் ஆற்றில் விடப்பட்டு, கடலுக்குப் போய், போனது போனதுதான் என்று விட்டவர்களே மறந்துபோயிருந்த காகிதப் பொம்மைகள் எல்லாம், தங்களை விட்ட கைகளை மறக்காமல், நீரோட்டத்தை எதிர்த்து, வைக்கோல் தட்டுகளில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குத் திரும்பி வந்தன. வந்தன, அவ்வளவுதான். ஏன் வந்தன என்று கேட்கிறவர்கள் கடலைப் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

வழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் பாதியில் குறுக்கே கேள்வி வரும். மார்ச் மூன்றாம் தேதி ஜப்பானில் பெண்குழந்தைகளின் நாள். ஹினா பண்டிகை என்பார்கள். பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் படிகள் கட்டிச் சிவப்புத் துணி விரித்து, உச்சியில் அரசனையும் அரசியையும் உட்காரவைத்து, அதற்குக் கீழே தோழிப்பெண்கள், அதற்கும் கீழே பாட்டுக்காரர்கள், கடைசிப் படியில் குட்டிக் குட்டியாய்ப் பெட்டி, பல்லக்கு என்று அடுக்கி, பீச் பூக்கொப்பு ஒன்றைச் சாடியில் செருகி, பச்சை வெள்ளை இளஞ்சிவப்பு என்று மூன்று நிறத்தில் பர்பிபோல் சாய்சதுரமாய் வெட்டிய மோச்சி என்னும் அரிசிக்கட்டியையும் நிறம்போட்ட இனிப்புப் பொரியையும் படைத்து, மட்டிச் சூப் வைத்துக் குடிப்பார்கள். பச்சை என்றால் பனிக்கடியில் முளைக்கும் புல், வெள்ளை அந்தப் பனி, இளஞ்சிவப்பு அதற்கு மேலே பூக்கும் பீச். மட்டி எதற்கென்றால், ஒரு மட்டியின் மேலோடு இன்னொரு மட்டியின் கீழோட்டோடு பொருந்தவே பொருந்தாது. பிள்ளைக்கு அப்படி ஒரு துணை வாய்க்க வேண்டும். பண்டிகை முடிந்த கையோடு பொம்மைகளை இறக்கிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அவை தங்கினால் பெண்ணும் கல்யாணமாகாமல் வீட்டில் தங்கிவிடுவாள்.

நாகிசாவில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. பண்டிகையன்று காலையில், உள்ளங்கை அகலக் காகிதப் பொம்மை ஒன்றைப் பிள்ளையின் தலையிலிருந்து கால்வரை தடவி, பிள்ளையை அதன்மேல் ஊதச் சொல்லி, அந்த வருஷத்து நோயையும் கண்ணேற்றையும் பொல்லாப்பையும் அதன் தலையில் ஏற்றி, வைக்கோல் தட்டில் வைத்து ஆற்றில் விடுவார்கள். அது கடலுக்குச் சுமந்து போகும். சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தவை இந்தப் பொம்மைகள்தாம்.

முதலில் பார்த்தவர் கஸ்பார்.

கஸ்பார் பர்னாந்து தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்கு வந்தவர். கப்பலின் சுழல்விசிறித் தண்டு முறிந்து, நாகிசாத் துறையில் பழுது பார்க்கக் கட்டிப் போட்டபோது, துறைமுக வாசலில் மட்டிச் சூப் விற்ற ஃபுமிகோவின் கடையில் ஒரு கிண்ணம் குடித்தார், மறுநாளும் குடித்தார், தண்டு சரியாகிற வரைக்கும் குடித்தார். கப்பல் போனது. இவர் போகவில்லை. துறையிலேயே வேலைக்குச் சேர்ந்து, ஓய்வுபெற்று, பல்லும் முடியும் கொட்டி, இப்போது ஊர் மரியாதையாய்க் கூப்பிடும் கசுபாரு-சான். எத்தனை வருஷம் ஜப்பானிய மொழி பேசினாலும் அது அவர் காதுக்குள் நுழையும்போது தூத்துக்குடித் தமிழாகத்தான் நுழையும். ஊரார் பேச்சை அவர் காதில் விழுந்தபடிதான் இங்கே சொல்ல முடியும்.

அன்று ஆற்று முகத்துவாரத்தில் மட்டி தோண்டிக்கொண்டிருந்தார். சேறு முழங்கால்வரை. தலை நிமிர்ந்தால், கடலிலிருந்து ஆற்றுக்குள் தட்டுத் தட்டாக வெள்ளையாய் ஏதோ ஏறி வந்தது. ஒரு தட்டு அவரை ஒட்டிக் கடந்தபோது அதிலிருந்த பொம்மை தலை தாழ்த்தி வணங்கியது. கஸ்பாரும் வணங்கினார். அந்த ஊரில் யார் குனிந்தாலும் திருப்பிக் குனிவது பழகிப்போய்விட்டது.

"வே கசுபாரு, அது என்ன குப்பை?" என்று கரையிலிருந்து கத்தினாள் கிகுயோ. தோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கிற கடைக்காரி. அவர் வயசுதான் இருக்கும். வாய் மட்டும் வயசாகவில்லை.

"குப்பை இல்ல. நீ வுட்டது. திரும்பி வருது."

"நான் யாருக்கும் எதையும் கடன் குடுக்கலியே, திரும்பி வர."

அவள் வாயை மூடுவதற்குள், சின்ன வயசில் அவளுடைய அம்மா ஒரு பழைய அரிசிக்கடைக் காகிதத்தில் மடித்துச் செய்த பொம்மை, படித்துறையில் இறங்கி, ஈரக்கால் பதிய நடந்து வந்து, அவள் செருப்புக்கு முன்னால் நின்றது. கிகுயோ குனிந்து உள்ளங்கையில் எடுத்தாள். எடுத்ததும் இருமத் தொடங்கினாள். கக்குவான் இருமல், ஐந்து வயசில் வந்தது, அப்படியே.

மத்தியானம் முழுக்க இருமினாள். வைத்தியர் ஓடி வந்தார். கிகுயோ அவரைக் கையால் தள்ளினாள். ஒவ்வொரு இருமலுக்கும், செத்துப்போய் எத்தனையோ காலமான அவள் அம்மாவின் கை முதுகில் விழுந்து தடவுகிறது என்றாள்; சோயா நனைத்த வாசனை அடிக்கிற கை, மோதிர விரலில் காய்ப்பு உள்ள கை. இருமல் குறையக் குறைய அவளுக்கு அழுகை வந்தது. வராத இருமலையும் இழுத்து இழுத்து இருமிப் பார்த்தாள். சாயங்காலம் இருமல் நின்றது. பொம்மை வெறும் காகிதமாகிக் கையில் துவண்டது.

"போச்சுவே," என்றாள். "நல்லா இருந்துச்சு."

அதற்குப் பிறகு ஊர் பயப்படவில்லை. பயப்படுவதற்கு நேரமும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாட்டுப் போடும் நகராட்சி ஒலிபெருக்கி இப்போது காலையிலும் பேசியது: திரும்பி வந்திருப்பவர்களை வெந்நீரில் குளிப்பாட்ட வேண்டாம், கரைந்துவிடுவார்கள். பூனைகளைக் கட்டி வைக்கவும். அடையாளம் தெரியாத பொம்மைகளைக் கேலி செய்ய வேண்டாம். மீனவர் சங்கத்தார் கணவாய் காயப்போடும் சட்டங்களைக் கழுவிக் கொடுக்க, அவற்றில் பொம்மைகளை வரிசையாய்த் தொங்கவிட்டுத் துணிக்கவ்வி போட்டுக் காயவைத்தார்கள். காய்ந்ததும் அவை இறங்கித் தம் தம் வீட்டுக்கு நடந்தன. வீடு இடிந்து கார் நிறுத்துமிடமாகிவிட்ட இடங்களில் போய், கோடு போட்ட கட்டங்களுக்குள் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன. அந்தக் கட்டங்களில் யாரும் வண்டி நிறுத்தவில்லை, அபராதமும் எழுதவில்லை.

வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் ரயிலேறி வந்தார்கள். நாகிசாவுக்கு வருகிற ரயிலில் ஒரு பெட்டி கூடுதலாக மாட்டினார்கள். முடிதிருத்தும் கடைக்காரிக்குப் பொன்னுக்குவீங்கி திரும்பி வந்தது. கதவில் பலகை மாட்டிவிட்டு, வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, அந்த வயசில் அவள் அப்பா வாசித்துக்காட்டிய படக்கதையை மறுபடி கேட்டபடி படுத்திருந்தாள். மீன் சந்தைச் சகோதரிகள் இருவருக்கும் எண்பதைத் தாண்டியாயிற்று. தங்கைக்குத் திரும்பி வந்தது நோயல்ல, அக்காவின் சிவப்புச் செருப்பின்மேல் கொண்ட பொறாமை. சந்தை நடுவில் இரண்டு பேரும் முடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள், பிறகு ஒரே தட்டில் மோச்சி தின்றார்கள். சொந்தக்காரி செத்துப்போன பொம்மைகள் கோயிலுக்குப் போயின. அவற்றைச் சும்மா திருப்பி அனுப்ப மனசு வராமல் பூசாரியே கைநீட்டி வாங்கிக்கொண்டார். அந்தச் சில நாளிலேயே அவருக்கு அம்மை, காதுவலி, இருட்டுப் பயம் எல்லாம் வந்து போயின. பார்க்கிறவர்களிடம் எல்லாம் "என் அம்மாகூட என்னை இப்படிப் பார்த்துக்கிட்டதில்ல" என்றார். பொம்மை விட்டு வளராத ஆம்பளைகள் சாராயக்கடையில் உட்கார்ந்து பொறாமையில் வெந்தார்கள்.

கஸ்பார் மட்டும் படித்துறைக்குப் போகவில்லை. அவருக்கு வரவேண்டியது ஒன்று உண்டு, அது வராது என்பது அவருக்குத் தெரியும்.

அவர் மகள் நவோமிக்கு ஆறு வயசில் பெருங்காய்ச்சல் கண்டது. பெயர் பொருத்தமாக அமைந்தது; ஜப்பானில் அது ஜப்பானியப் பெயர், தூத்துக்குடியில் வேதாகமப் பெயர், இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் தங்கள் பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள். பண்டிகையன்று காலையில் பிள்ளை அனலாய்க் கொதித்தது. ஃபுமிகோ பொம்மையை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை தடவினாள். கஸ்பார் பார்த்துக்கொண்டு நின்றார். காகிதத்தால் தடவினால் காய்ச்சல் போகுமா என்ன? அவர் ஊரில் இதற்கு முறை வேறு. கல் உப்பும் மிளகாய் வத்தலும் ஒரு கை எடுத்து, பிள்ளையின் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, அடுப்பில் போட வேண்டும். அடுப்பில் போட விடமாட்டாள் என்பதால், சுற்றிய உப்பையும் மிளகாயையும் பொம்மையின் இடுப்புக் கச்சையில் ஒரு முடிச்சாகக் கட்டிவிட்டார். ஃபுமிகோ சிரித்தாள். "ரெண்டு ஊர் மருந்தும் ஒண்ணா போகட்டும்," என்றாள்.

தட்டை ஆற்றில் விட்டார்கள். கொஞ்ச தூரம் போனது. முடிச்சின் கனத்தில் ஒருபக்கம் சாய்ந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கத் தண்ணீருக்குள் முங்கியது.

அன்று மத்தியானமே நவோமிக்குக் காய்ச்சல் இறங்கியது. அன்று மத்தியானமே ஃபுமிகோ படுத்தாள். படிமேல் இருந்த பொம்மைகளை இறக்கப் போனவள், தலை சுற்றுது, செத்த நேரம் படுத்துட்டு எந்திரிச்சு எடுத்து வைக்கிறேன், நீங்க தொடாதீங்க, ஒடைச்சிருவீங்க என்றாள். எழுந்திருக்கவே இல்லை. செர்ரி பூக்கும் முன்பே போய்ச் சேர்ந்தாள்.

சாவு வீட்டில் கிகுயோ இன்னொருத்தியின் காதில் சொன்னாள். அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது. "பொம்மைதான் முங்கிருச்சே. காய்ச்சல் போறதுக்கு வழியில்லாம வீட்டுலயே நின்னு, புள்ளைய வுட்டுட்டுத் தாயைப் புடிச்சிருச்சு." ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற நவோமி அதைக் கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற கஸ்பாரும் கேட்டார். என்னை விட்டதால்தான் அம்மாவைப் பிடித்தது என்று அவள் நினைத்தாள். நான் கட்டிய மிளகாயால்தான் பொம்மை முங்கியது என்று அவர் நினைத்தார். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் பேச்சு எப்போதும் குறைவு.

பொம்மைகளையும் அவர் இறக்கவில்லை. தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனவள் எழுந்து வந்து எடுத்து வைக்கட்டும் என்று விட்டார். வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் பிரஷால் தூசி தட்டுவார். சிவப்புத் துணி செங்கல் நிறமாக வெளுத்தது. அரசியின் விசிறியை எலி கொண்டுபோனது. நவோமி அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள், அது தன்னைக் குற்றம் சாட்டி வைத்திருப்பது என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தாள், பள்ளி முடிந்ததும் ஒசாக்காவுக்குப் போய்ப் பல்செட் செய்யும் வேலையில் சேர்ந்தாள். கல்யாணம் ஆகவில்லை. பொம்மைகள் இறங்காத வீடாயிற்றே என்றது ஊர். கோடையில் அம்மாவின் கல்லறையைக் கழுவ வருவாள். கழுவிவிட்டு அன்றைக்கே ரயிலேறிவிடுவாள்.

அந்த நவோமி, மூன்றாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்கினாள்.

"வந்துட்டியா?" என்றார் கஸ்பார், வாசலில்.

"வந்துட்டேன்."

"சாப்ட்டியா?"

"ரயில்ல."

உள்ளே வந்தாள். படிகளைப் பார்த்தாள். பையை இறக்கவில்லை.

"இன்னும் எடுக்கலயாப்பா?"

"எடுக்கல."

அடுப்படிக்குப் போனார். மட்டியை உப்புத் தண்ணீரில் மணல் கக்கப் போட்டிருந்தது. பானையை நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார்.

"ஒனக்கு வராது மக்கா," என்றார் முதுகைத் திருப்பிக்கொண்டு. "முங்குனது எதுவும் வரல. சும்மா டிக்கெட்டுக்குச் செலவு பண்ணிட்டு வந்திருக்க."

"தெரியும். எதுக்கும் நிக்கலாம்னு வந்தேன்."

"நின்னு?"

"தெரியணும்ப்பா. அது காய்ச்சலை எடுத்துட்டுப் போச்சா, இல்லயா. அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

கஸ்பார் திரும்பிப் பார்த்தார். அவள் கேட்ட கேள்வியை அவர் வேறு மாதிரி அத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்திருந்தார். பொம்மை காலியாக வந்தால், காய்ச்சல் வீட்டிலேயே நின்றது, அவர் மிளகாய்தான் ஃபுமிகோவைக் கொன்றது. நிறைந்து வந்தால், ஆறு வயசில் பிள்ளையைச் சாவுவரை கொண்டுபோன அதே காய்ச்சல், இப்போது தலையில் ரெண்டு நரை விழுந்த மகளின்மேல் ஏறும். காலியானாலும் கெடுதல். நிறைந்தாலும் கெடுதல். வராமலிருப்பதே நல்லது என்று அவர் மாதாவிடம் வேண்டியிருந்தார், கோயில் மணியையும் ஆட்டி வைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று.

"கம்பளியப் போத்திட்டுப் போ," என்றார். "காத்து அடிக்கி."

படித்துறையில் பெண்கள் நின்றார்கள். காலைக் கடலேற்றத்தோடு வரவேண்டிய பொம்மைகள் எல்லாம் வந்து முடிந்தன. அவரவர் தம் தம் நோயைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். உச்சிக்குப் பிறகு கடல் வாங்கத் தொடங்கியது. ஆறு ஒடுங்கி, சேறு வெளியே தெரிந்தது. நவோமி மட்டும் நின்றாள். கஸ்பார் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார், தற்செயலாக நிற்கிறவர் மாதிரி.

கிகுயோ தோஃபு விற்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அப்பனும் மகளும் எதுக்குவே கொக்கு மாதிரி நிக்கிய? இறங்குற தண்ணியில எவன் வருவான்?"

"ஒன் சோலியப் பாரு."

"பாக்கத்தான் வந்தேன். சூப்புக்குத் தோஃபு வேணுமா?"

"மட்டிச் சூப்புல எவனாவது தோஃபு போடுவானா?"

"நீ மிளகு போடுற ஆளு. ஒனக்கென்ன தெரியும்?"

"அங்க," என்றாள் நவோமி.

எல்லாப் பொம்மைகளும் ஏற்றத்தில் மிதந்து வந்தன. இது மிதக்கத் தெரியாதது. முங்கிய இடத்திலிருந்து கடலடிக்கு நடந்துபோய், அங்கிருந்து சேற்றிலேயே நடந்து திரும்பியிருக்கிறது; தண்ணீர் வற்றினதும்தான் அதன் தலை வெளியே தெரிந்தது. நத்தை வேகம். தோளில் சிப்பி ஒட்டியிருந்தது. இடுப்புக் கச்சை முடிச்சிலிருந்து ஒரு மிளகாய்ச் செடி முளைத்து, உப்புத் தண்ணீரில் மிளகாய் வளராது என்று யாரும் சொல்லிக் கொடுக்காததால் வளர்ந்து, நாலு இலையும் சிவப்பாய் ஒரே ஒரு பழமும் விட்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது செடியைக் காற்றில் சாயாமல் பிடித்துக்கொண்டது.

கஸ்பார் படியில் இறங்கினார். முழங்காலில் மண்டியிட்டு வழியை மறித்தார்.

"தள்ளி நில்லு புள்ள. நான் வாங்கிக்கிறேன்."

அவர் உள்ளங்கையை நீட்டினார். பொம்மை நின்றது, அவரைப் பார்த்தது, குனிந்து வணங்கியது, அவர் கையைச் சுற்றிக்கொண்டு நடந்தது.

"அது உங்களோடது இல்லப்பா."

"நான் கட்டுன முடிச்சு!"

"காய்ச்சல் என்னோடது."

"ஏட்டி, சுத்திப் போட்டதை வீட்டுக்குள்ள கூப்பிடக் கூடாது! எங்கூர்ல நெருப்புல போடுவோம். குடு, போட்டுட்டு வாரேன். தாயத்தான் தூக்கிட்டுப் போச்சு, ஒன்னையும்…"

நவோமி அவர் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள். கை நீட்டினாள். பொம்மை சிப்பியும் செடியுமாகக் கஷ்டப்பட்டு ஏறி, அவள் உள்ளங்கையின் நடுவில் நின்று, நீண்ட பயணத்துக்குப் பிறகு மூட்டையை இறக்குகிறவர்கள் விடுவதைப்போல் ஒரு பெருமூச்சு விட்டது.

கிகுயோ அவள் நெற்றியைத் தொட்டாள். தொட்ட கையைச் சட்டென்று எடுத்தாள்.

"கொதிக்கி," என்றாள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லப் பேசினாள். "அப்பிடியே கொதிக்கி, வே. அன்னைக்கு நான் தொட்டுப் பாத்த அதே சூடு. ஒரு சொட்டுக் குறையல."

நவோமியைத் தோஃபு வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். படிகளுக்கு முன்னால் மெத்தை விரித்துப் படுக்கவைத்தார்கள். அன்றைக்கும் அங்கேதான் படுத்திருந்தாள். காய்ச்சல் ஏறியது. வைத்தியர் வந்து, நோய் பழசு, எங்கள் கையில் ஒன்றுமில்லை, துணி நனைத்துப் போடுங்கள் என்று சொல்லிப்போனார். கஸ்பார் துணி நனைத்துப் போட்டார். பிழிந்தார், போட்டார். துணி காயக் காய மாற்றினார். நவோமியின் பல் கிட்டியது. உடம்பு தூக்கிப் போட்டது. அவர் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். பேசத் தெரியாதவர், அதனால் தூத்துக்குடியில் கப்பலுக்குப் போகிறவர்களை அனுப்பும்போது சொல்லும் செபத்தைச் சொன்னார், முடிந்ததும் முதலிலிருந்து சொன்னார்.

அவள் கண் திறந்தாள். ஆறு வயசுக் குரலில் பேசினாள்.

"அம்மா கை சில்லுனு இருக்கு."

கஸ்பார் செபத்தை நிறுத்தினார்.

"தடவுறாங்க. காகிதம் கூசுது. மட்டி வாசனை." சிரித்தாள். "அப்பா மிளகாயச் சுத்துறாங்க. அம்மாவுக்குத் தும்மல் வருது." பிறகு அவள் முகம் சுருங்கியது, காதைச் சாய்த்து எதையோ கேட்டாள். "தும்மல் இல்ல. இருமுறாங்க. அந்தப் பக்கம் திரும்பிக் கைத்துணிக்குள்ள இருமுறாங்க. அப்பா பாக்காத நேரமா பாத்து இருமுறாங்க." சத்தம் அவளுடைய சொந்தக் குரலாக மாறிக்கொண்டே வந்தது. "துணிய மடிச்சுக் கைக்குள்ள வச்சுக்கறாங்க. துணியில ரத்தம், அப்பா. பொம்மையத் தடவிட்டு இருக்கும்போதே. எனக்கு இன்னும் காய்ச்சல் எறங்கக்கூட இல்ல. அதுக்கு முன்னாலயே."

கிகுயோ துணி நனைக்கும் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது அவங்களோட சீக்கு," என்றாள் நவோமி. "என்னோடது இல்ல. என்னோடது போயிருச்சு. இது கொண்டுபோயிருச்சு."

கஸ்பார் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். ஃபுமிகோ எதையும் சொல்லாமல் மறைப்பதில் கெட்டிக்காரி; பண்டிகை கெட்டுப்போகும் என்று சொல்லாமல் இருந்திருப்பாள். கோபம் வந்தது அவருக்கு. அத்தனை வருஷத்தில் அவள்மேல் வந்த முதல் கோபம். செத்தவள் என்று பார்க்காமல், அடுப்படியில் நிற்கிறவளிடம் வருகிற கோபம். அது அவருக்கு நன்றாக இருந்தது.

"நான் அன்னைக்குச் சொன்னது…" என்று தொடங்கினாள் கிகுயோ.

"வாயை மூடிட்டு அடுப்பப் பத்தவை," என்றார் கஸ்பார். "மட்டி கெடந்து சாவுது."

ஐந்து மணிப் பாட்டு ஒலிபெருக்கியில் எழுந்து, ஊர் முழுக்கப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னபோது, நவோமிக்கு வேர்த்தது. வேர்த்து மெத்தை நனைந்தது. காய்ச்சல் போனது. பொம்மை அவள் கையில் வெறும் காகிதமாகத் துவண்டு கிடந்தது; செடி மட்டும் நிமிர்ந்து நின்றது.

மட்டிகள் பானையில் டக் டக்கென்று வாய் திறந்தன. கிகுயோ இரண்டு கிண்ணம் ஊற்றி வைத்துவிட்டு, கடையைப் பார்க்கணும் என்று பொய் சொல்லிப் போனாள். தோஃபு ஒரு கட்டி மேசைமேல் இருந்தது. விலை சொல்லவில்லை.

கஸ்பார் செடியிலிருந்து அந்தச் சிவப்பு மிளகாயைப் பறித்தார். விரலால் கிள்ளி, பாதியை அவள் கிண்ணத்திலும் பாதியைத் தன் கிண்ணத்திலும் போட்டார்.

"இதப் போய்ச் சூப்புல போடுவாங்களா?" என்றாள் நவோமி.

"குடி."

குடித்தாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கும் வந்தது. நல்ல காரம்.

இருட்டும் முன் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று அவள்தான் எழுந்தாள். அவளுக்கு முறை தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை, ஃபுமிகோவோடு போயிருந்தது. அரசியின் முகத்தை மெல்லிய காகிதத்தால் மூடினாள். அரசன் தலை கையோடு வந்தது. பசை போட்டு ஒட்டினார். பாட்டுக்காரர்கள், தோழிப்பெண்கள், குட்டிப் பெட்டி, பல்லக்கு. ஒவ்வொன்றாக அவள் நீட்ட, அவர் வாங்கிப் பெட்டியில் படுக்கவைத்தார், ஒன்றைக்கூட உடைக்கவில்லை. தொடாதே என்று சொன்னவள் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் சிவப்புத் துணியைச் சுருட்டினார்கள்; பொம்மை உட்கார்ந்திருந்த இடங்களிலெல்லாம் துணி வெளுக்காமல், அன்றைக்கு வாங்கியதுபோல் சின்னச் சின்னச் சிவப்பாய் இருந்தது. படிகளைப் பிரித்ததும் பின்னாலிருந்த சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. அப்படி ஒரு சுவர் அந்த வீட்டில் இருப்பதையே இருவரும் மறந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஊர் கூடி வெறும் காகிதமாகிப்போன பொம்மைகளைத் திரும்ப ஆற்றில் விட்டது. பாரம் இல்லாததால் அவை காற்றுக்கு முன்னால் ஓடின. நவோமியின் பொம்மையையும் விட்டார்கள். சிப்பியைப் பிய்த்துவிட்டிருந்தார்கள். செடியைக் கஸ்பார் முந்தின இரவே ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் நட்டு, வெள்ளைச் சுவர் ஓரமாக வைத்திருந்தார். பொம்மை முதன்முறையாக மிதந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வணங்கியது. அப்பனும் மகளும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

ரயிலடிக்கு அவர் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வண்டி வந்து நின்றது. அவள் ஏறினாள்.

"அடுத்த வருஷம் அதெல்லாம் எடுத்து அடுக்க ஒரு ஆள் பத்தாது," என்றார், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு.

"என்னைக்குப்பா?"

"என்னைக்கா? மார்ச் மூணு. வேற என்னைக்கு."

கதவு மூடப் போனது. பையைக் கொடுக்க மறந்திருந்தார். கொடுத்தார்.

"வெள்ளனத்துலயே வந்துரு," என்றார். "மட்டி தீந்துரும்."